போர்டு படிக்க வேண்டியவர்கள்

ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிறவளுக்கு எழுத்துப்பிழையைத் திருத்த மட்டும்தான் உரிமை. கருத்துப்பிழையை அப்படியே அச்சடிக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் பன்னிரண்டு வருடமாக நான் படும் பாடு, இதே தொழிலில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததா?

பதினோரு தலைகள்

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் காலை ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நடந்த பெண்ணை ஒருவன் முள்காட்டுக்குள் இழுத்துப் போனான். மத்தியானம் இரண்டு மணி. கண்டன ஊர்வலத்துக்கு முதலில் பேனர் கேட்டு வந்தவர் ஓர் உள்ளூர்ப் பிரமுகர். பதினோரு பேர் படம் போட்டதில் "பாலியல் வன்கொடுமையைக் கண்டித்து" என்ற வரிக்கு ஒரு சாண் இடம்தான் மிஞ்சியது. தலைகளைக் குறைக்கலாமா என்று கேட்டேன்.

"எழுத்த எவம்மா நின்னு படிக்கிறான்? என் போட்டோ வேற அனுப்பறேன், இதுல சிரிப்பே இல்ல."

வெயில்

மிஷின் பார்க்கும் கோபால் அண்ணன் இரண்டு பெண்களுக்கு அப்பா. அந்த பேனரை மடித்துக்கொண்டே, ராத்திரியில் அவள் ஏன் தனியாகப் போனாள் என்றார். ராத்திரி இல்லண்ணா, மத்தியானம் என்றேன். திருந்துவார் என்று நினைத்தேன், என் புத்தி.

"மத்தியான வெயில்ல ரோட்ல ஈ காக்கா இருக்காதேம்மா. அப்ப மட்டும் தனியா போலாமா?"

ஒரே ஓர் அட்டை

ஊர்வலத்துக்கு முந்தின நாள் காலை, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். இவள்தான் அந்தப் பெண் என்று கூட வந்த தோழி மெதுவாகச் சொன்னாள். கேஸ் முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டதாம். பெரியபாளையம் பக்கத்து ஊரில் இருக்கும் அப்பா அம்மா அவசர அவசரமாக மாப்பிள்ளை தேடுகிறார்களாம். கையில் பிடிக்க ஓர் அட்டை கேட்டாள். பழக்கதோஷத்தில் "நீதி வேண்டும்" என்று டைப் செய்துவிட்டேன்.

"அத எல்லாரும் புடிச்சிக்கினு வருவாங்கக்கா. எனக்கு 'என் ஷிப்ட் எனக்கு வேணும்'னு போடுங்க."

சிவப்பு

மறுநாள் ஊர்வலமாகத் தாலுகா ஆபீஸ்வரை நடந்தோம். அந்த அட்டையைக் கடைசிவரை அவள் இறக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் கம்பெனியின் அதிகாரி ஒருவர் கடைக்கு வந்தார். "பெண் ஊழியர்கள் தனியாக நடந்து செல்ல வேண்டாம்" என்று வாசல் கேட்டில் மாட்ட ஒரு போர்டு வேண்டுமாம். அந்தப் பெண்ணைத் திரும்ப எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்டேன். அவர் கண்ணை ஸ்கிரீனிலிருந்து எடுக்கவில்லை.

"அவங்கள உள்ள விட்டா மத்த லேடீஸ் பயப்படுவாங்க மேடம். அந்த 'வேண்டாம்' மட்டும் சிவப்புல வரட்டும்."

சிவப்பிலேயே போட்டுக் கொடுத்தேன். இழுத்துப் போகிறவன் படிப்பதற்கென்று ஒரு போர்டு கேட்டு இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு கஸ்டமர்கூட வரவில்லை.