மூன்று வாகனத்திலும் அன்ரனின் பெயர்

இலுப்பைக்கடவை மீனவர் சங்கத்துக்கு ஒரு மெக்கானிக் தேவை, சனிக்கிழமை பத்து மணிக்கு வரட்டாம் என்று ஆள் வந்து சொன்னபோது, அந்த வேலை எனக்குத்தான் என்று நான் முடிவே செய்துவிட்டேன். இந்தியாவிலிருந்து திரும்பி வந்து குடியேறிய குடும்பங்களுக்குப் புதிதாகப் படகு இஞ்சின்கள் கொடுத்திருந்தார்கள். அவற்றைப் பார்க்க ஒரு நிரந்தர ஆள் வேண்டும். நான் பேசாலையில் முற்றத்தில் குந்தியிருந்து, எவனாவது பழுதான இஞ்சினைத் தூக்கிக்கொண்டு வரமாட்டானா என்று படலையைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. இந்த வேலையும் இல்லையென்றால் ஸ்பானர்களை விற்றுவிட்டுக் கூலிக்குப் போவதுதான் மிச்சம்.

வந்தவன் போகும்போது ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போனான்.

"அன்ரனையும் வரச்சொல்லியிருக்கு."

அன்ரன் தமிழ்நாட்டு முகாமில் பல வருஷம் இருந்துவிட்டு விடத்தல்தீவுக்குத் திரும்பி வந்த மெக்கானிக். அதுவரை நான் முகம் கண்டதில்லை. என்னைவிட வயது குறைந்தவர், ஆனால் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த நாளில் மனதுக்குள் 'அவன்' என்றுதான் சொல்வேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன்.

1. கூலர்

மன்னாரிலிருந்து வடக்கே போகும் பஸ் அந்த நாட்களில் வந்தால்தான் வரும். அதை நம்பினால் பத்து மணிக்குப் போய்ச் சேர முடியாது. விடியவே ஸ்பானர்கள் கிடந்த ஆயுதப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பேசாலை றோட்டில் நின்று கையைக் காட்டினேன். மீன் ஏற்றிய கூலர் லொறி ஒன்று நின்றது. சாரதி எருக்கலம்பிட்டிக்காரர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர். வாய் ஓயாத மனுஷன்.

"பையில என்ன அண்ணன், ஸ்பானர் சாவியளா? மெக்கானிக்கா நீங்க? அப்ப அன்ரனத் தெரிஞ்சிருக்குமே!"

"கேள்விப்பட்டனான்."

"போன கிழமை மன்னார்க் கடையில இஞ்சினுக்குப் போடுற காஸ்கெற் செற் ஒண்டு வாங்கித் தரச்சொன்னாரு. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தன். பில் இல்லாம வாங்காதீங்க, தான் இந்தியாவில இருந்து வந்தவன், கடலால வந்த களவுச் சாமான் எண்டு ஒரு சொல்லு வந்திரக்கூடாது எண்டு ஆயிரம் தரம் சொல்லிவிட்டாரு. அப்பிடியும் ஒரு மனுசன்!"

தள்ளாடிச் சந்தி வரைக்கும் அதே கதைதான். இறங்கும்போது நன்றி சொன்னேனா என்பது கூட நினைவில்லை. நான் இருபது வருஷமாகப் பார்க்கும் வேலைக்கு எந்தச் சாரதியும் எங்கேயும் என் பெயரைச் சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லையே என்ற நினைப்புத்தான் உள்ளே ஓடியது.

2. ட்ரக்டர்

தள்ளாடியில் ஏறியது பாப்பாமோட்டைக்குப் போகும் ட்ரக்டர். பெட்டியில் புது வீட்டுக்குத் தகரமும் விதைநெல் மூட்டையும். கமக்காரர் ஓட்ட, அவருடைய மனைவி சில்லுக்கு மேல் மட்காட்டில் இருந்தபடி திரும்பித் திரும்பி என்னோடு கதைத்துக்கொண்டு வந்தா.

"எங்கட தண்ணிப் பம்ப் மூண்டு பேர் பாத்துக் கைவிட்ட பம்ப் அண்ணை. பிறகு அன்ரன் எண்டு ஒருத்தர் வந்தார். ரெண்டு தட்டுத்தான் தட்டினார். அந்தமாதிரி ஓடிச்சுது!"

அந்த மூன்று பேரில் நான் இரண்டாவது ஆள். பம்ப் பார்க்க வயலுக்குப் போன அன்று வெயிலுக்குத் தொப்பி போட்டிருந்தேன். அவவுக்கு என் முகம் பிடிபடவில்லை.

"தட்டின உடனே ஓடுறதுக்கு அதென்ன மேளமோ?" என்றேன்.

அவ விழுந்து விழுந்து சிரித்தா. "என்ன அண்ணை, வயிறு எரியுதோ?"

"சும்மா இரப்பா," என்று கமக்காரர் மனைவியை அதட்டினார்.

எரிந்தது. சொல்ல வெட்கமில்லை, பற்றி எரிந்தது. அந்தப் பம்பை நான் ஒரு நாள் முழுக்கக் கழற்றிப் பூட்டியவன். எனக்குப் பிடிபடாத பிழை அவருக்கு மட்டும் எப்படிப் பிடிபட்டது என்று பாப்பாமோட்டையில் இறங்கும் வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.

3. பவுசர்

அங்கே முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். கடைசியில் நின்றது இராணுவத்தின் தண்ணீர் பவுசர். வேறு நாளென்றால் ஏறியிருக்கமாட்டேன். பத்து மணி நெருங்கிவிட்டது, ஏறினேன்.

சாரதி இளந்தாரிச் சிப்பாய். அரைகுறைத் தமிழ். என் பையை எட்டிப் பார்த்தான்.

"மிகானிக்? அன்ரன் தெரியும்? அன்ரன், ஹொந்த மினிஹெக்!"

நல்ல மனிதன் என்று சிங்களத்தில் சொல்கிறான். காம்பில் ஜெனரேற்றர் திருத்திக் கொடுத்தாராம். அட கடவுளே, ஆமிக்காரனும் என்னை விடவில்லையே என்று நொந்துகொண்டு கடல் பக்கம் பார்த்தபடி இருந்தேன். இலுப்பைக்கடவையில் இறங்கியபோது, காணாத ஒரு மனிதனை எனக்கு அந்தளவுக்குப் பிடிக்காமல் போயிருந்தது.

4. சங்கக் கொட்டில்

அன்ரன் எனக்கு முன்பே வந்திருந்தார். மெலிந்த ஆள். உட்கார்ந்திருந்த வாங்கில் நகர்ந்து எனக்கு இடம்விட்டு, "வாங்கண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று இந்தியப் பேச்சில் கேட்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆளுக்கொரு இஞ்சின் தந்தார்கள். இரண்டும் ஒரே பிழை. மண்ணெண்ணெயில் ஓடும் இஞ்சினை நிறுத்துவதற்கு முதல் கொஞ்ச நேரம் பெற்றோலில் ஓடவிட வேண்டும். இந்தச் சங்கத்து மீனவர்கள் இந்தியாவில் டீசல் வள்ளத்தில் பழகியவர்கள், அப்படியே நிறுத்திவிடுவார்கள். காபரேற்றர் அடைத்து, ஹெட் வரைக்கும் கரி பிடித்துவிடும். நான் கழற்றித் துப்புரவாக்கிப் பூட்டினேன். அவரும் அப்படியே செய்து, பழைய காஸ்கெற்றுக்குப் பதிலாகக் கையோடு கொண்டுவந்திருந்த புதியதைப் போட்டார். இரண்டு இஞ்சினும் ஓடின.

சங்கத் தலைவர் எழும்பினார். சொந்தமாக வள்ளங்கள் வைத்திருந்த வயதுபோன சம்மாட்டி.

"எங்களிட்ட ஒரு வழக்கம் இருக்கு. ஒருத்தற்ற வேலையை மற்றவரைக் கொண்டுதான் சொல்லுவிப்பம். எங்களுக்கு இஞ்சின் தெரியாது, உங்களுக்குத் தெரியும். மாதா சாட்சியா மனச்சாட்சிக்குச் சொல்லுங்கோ."

முதலில் அன்ரன் என் இஞ்சினைப் பார்த்தார். "சுத்தமான வேலைங்கய்யா. நான் செஞ்சிருந்தாலும் இப்படித்தான் செஞ்சிருப்பேன்" என்றார்.

அடுத்தது என் முறை. பிழை பிடிக்க ஒன்றுமே இல்லை. என்னுடையதைவிட ஒரு படி மேல். அங்கே நின்ற முகங்களைப் பார்த்தேன். எல்லாம் இந்தியாவிலிருந்து திரும்பியவர்கள். கடலில் நேவி மறித்துச் சோதிக்கும்போது, அந்தக் கரையோடு இன்னும் தொடர்பு இருக்கிறதா என்று ஒரு கேள்வி வந்துவிட்டால் போதும், கடலுக்கு இறங்கும் பாஸும் போகும் தொழிலும் போகும் என்று நடுங்கிக்கொண்டிருந்த சனம்.

"வேலை பரவாயில்லை," என்றேன். "ஆனா இந்தக் காஸ்கெற் இஞ்சத்தைச் சாமான் இல்லை. அங்கால இருந்து கடலால வந்தது போல கிடக்கு. நாளைக்குச் சோதனையில பிடிபட்டா சங்கம்தான் பதில் சொல்லவேணும்."

கிட்ட நின்றவர்கள் அன்ரனின் இஞ்சினை விட்டு ஓரடி தள்ளி நின்றார்கள்.

அன்ரன் தலைவரிடம் திரும்பினார். "இல்லைங்கய்யா, மன்னார்க் கடையில வாங்கினது. பில்லு வீட்டில இருக்கு. எடுத்துக்கிட்டு வந்து காட்டுறேன்."

அவர் சொன்னது சத்தியம். அன்று காலையில்தான் கூலர்காரரின் வாயால் கேட்டேன். 'ஓம், அது உண்மைதான்' என்று ஒரு சொல் சொல்ல என் வாய் திறக்கவில்லை.

"எங்களுக்குப் பிரச்சினை வேண்டாம் தம்பி," என்றார் தலைவர், அன்ரனைப் பார்க்காமல்.

அன்ரன் பையை எடுத்துக்கொண்டு றோட்டுக்குப் போனார். யாரையும் ஏசவில்லை. நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கையைக் காட்டிய முதல் வாகனமே நின்றது. வேலையைப் பறித்துக்கொண்டவன் நான். அந்த நேரத்திலும், இவனுக்கு மட்டும் உடனே நிற்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. திரும்பவும் கடல் கடந்து போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள்.

5. வேலை

ஆறு வருஷம் அந்தச் சங்கத்தில் வேலை செய்தேன். அந்தக் கரையோரத்தில் எனக்கு முன்பு அன்ரன் கை வைத்த இஞ்சின்கள் பல. ஒவ்வொன்றையும் திறக்கும்போது ஒரு பிழையாவது கிடைக்காதா என்று தேடித்தான் திறப்பேன். ஒரு பிழை கிடைத்தால் என் பொய் கொஞ்சம் உண்மையாகிவிடும் அல்லவா? ஒன்றும் கிடைக்கவில்லை. உப்புப் பிடித்து போல்ட் முறிவதுதான் எங்கள் தொழிலில் பெரிய தலையிடி. அவர் பூட்டிய ஒவ்வொரு போல்ட்டிலும் கிறீஸ் பூசியிருந்தது. இனி வந்து திறக்கிறவன் கஷ்டப்படக்கூடாது என்று செய்கிற வேலை அது. வந்து திறந்தவன் நான்.

புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுவேன். உங்களைவிட நன்றாகச் செய்கிறவனைக் கண்டால் வயிறு எரியும். எரியட்டும், அது ஒருவருக்கும் சேதமில்லை. அந்த நேரத்தில் அவனுடைய வேலையைப் பற்றி யாரும் உங்களிடம் அபிப்பிராயம் கேட்டால், எழும்பி வெளியே போய்விடுங்கள்.

கண் மங்கி வேலையை விட்ட அன்று சங்கத் தலைவரிடம் போனேன். நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அந்தக் காஸ்கெற் மன்னாரில வாங்கினதுதான் ஐயா. எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான்."

வலை பின்னிக்கொண்டிருந்த அவர் கையை எடுக்கவில்லை.

"நீங்கள் சொன்னது பொய்யெண்டு எங்களுக்கும் அண்டைக்கே தெரியும்," என்றார். "ஒருத்தரும் உங்களை நம்பேல்லை. ஆனா நீங்கள் சொன்ன சொல்லு அப்பிடிப்பட்ட சொல்லு. அதுக்குப் பிறகு ஆர் அவனுக்காக வாய் திறக்கிறது? பயந்துபோனம்."

ஆறு வருஷம் அந்தக் கொட்டிலில் ஒவ்வொரு நாளும் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்கள். எல்லோரும் தெரிந்துகொண்டுதான் தந்திருக்கிறார்கள்.