நீரோட்டம் படுகிற பக்கம்

தேவதாசன் மீனைத் தலையிலிருந்துதான் தொடங்குவார். சாப்பாட்டுப் பெட்டி திறந்ததும் குழம்பு வாசம் அறையை நிறைக்கும். பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் சான்ட்விச்சைத் தூக்கிக்கொண்டு சன்னலோரம் நகர்வார்கள். அவர் அதைச் சட்டை செய்வதில்லை. கன்னச் சதையை நோண்டி எடுப்பார், கண்ணை உறிஞ்சுவார், முள்ளை மூடியில் ஒதுக்குவார். ருசித்துச் சாப்பிடுகிறார் என்று யாரும் சொல்ல முடியாது. கசப்பு மருந்தை நேரம் தவறாமல் குடிக்கும் நோயாளியின் முகம் அது.

"தின்னுறதெண்டால் இப்பிடித் தின்னோணும். பயந்து பயந்து தின்னக்கூடாது" என்பார், யாரும் கேட்காமலே.

மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில், பண்டகசாலைகளுக்கு நடுவே, கடலடியைப் படமெடுத்து ஆராயும் சிறிய நிறுவனம் ஒன்றில் அவருக்கு வேலை. துடைப்பத்தோடு உள்ளே போனவர். நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பதற்கென்று வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தூங்கி வழிய, கண் சோராத இந்த மனிதரை ஒருநாள் கதிரையில் உட்கார வைத்தார்கள். நியூஃபவுண்ட்லாந்துக்குக் கிழக்கே கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் ஒரு மலையின் மேல் கமெராவை இறக்கி எடுத்த படங்கள். உயிருள்ள எதுவும் கண்ணில் பட்டால் படத்தை நிறுத்திப் பொத்தானை அமர்த்த வேண்டும். அது என்ன உயிர் என்று பார்ப்பது வித்தியாவின் பொறுப்பு. ரொக்ஸ்பரோவில் வளர்ந்து, இங்கேயே கடலுயிரியல் படித்த பெண். தேவதாசனை "அங்கிள்" என்பாள். அங்கிள் பெயர்களைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மெல்லிய கால்களை நெளித்துத் திரியும் நட்சத்திர உயிர்கள் எல்லாம் அவருக்குச் சிலந்திதான்.

அந்த மலைக்கு இரண்டு முகங்கள். ஒரு பக்கம் பவளமும் கடற்பஞ்சும் இடமில்லாமல் நெருக்கி நிற்கும். கமெரா உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால் சேறு, வெறும் பாறை, மறுபடி சேறு; பொத்தானில் வைத்த விரல் அப்படியே கிடக்கும். ஏன் இப்படி என்று தொடக்கத்திலேயே கேட்டார்.

"கடல்ல ஓடுற கரண்ட் வந்து மலையில அடிக்கும் அங்கிள். அடிச்சு, வேகமாகி, மேல ஏறும். சாப்பாடு அதோட வரும். இதுகள் நடக்கிறேல்லைத்தானே? வாயைத் திறந்துகொண்டு நிக்குங்கள். அங்கால் பக்கம் கரண்ட் செத்துப்போகும், சாப்பாடும் குறைவு" என்றாள் வித்தியா.

அவருக்கு உடனே விளங்கியது. பார்க் எக்ஸ்டென்ஷனில் அவர் குடியிருக்கும் கட்டடத்தின் மூலையில் காற்று திரும்பும் விதம் அதுதான். ஒரு பக்கத்து நடைபாதையைத் துடைத்து வெறுமையாக்கிவிட்டு, பனி முழுவதையும் மறுபக்கத்துப் படியில் கொண்டுபோய்க் குவிக்கும்.

"என்ன சாப்பாடு வருது?"

"மேல செத்து விழுறதுதான்."

கூனி இறாலும் பாசியும் என்று எடுத்துக்கொண்டார். அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்று சொல்வதுதான் நேர்மை.

உச்சிக்கு மேலே நீர் வட்டமாகச் சுழன்றுகொண்டிருக்கும், அதற்குள் வந்து அகப்பட்டது லேசில் வெளியேறாது என்றும் வித்தியா சொல்லியிருந்தாள். பவளக் குஞ்சுகளைப் பற்றித்தான் சொன்னாள். தேவதாசன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அப்ப உள்ளுக்கை போனது துலையாது. கிடக்கும்" என்றார். இலங்கைப் பக்கத்துக் கடலிலும் இப்படி மலை உண்டா என்று விசாரித்தார். தெற்கே ஆழத்தில் உண்டு என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார்.

போன டிசம்பரில் ஊரில், மணற்காட்டுக் கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அவருடைய தம்பி யோசெப்பை, கரைமீறி ஏறி வந்த கடல் கொண்டுபோயிற்று. உடல் கிடைக்கவில்லை. வித்தியாவுக்கு இது தெரியாது. வேலையிடத்தில் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கடலில் போனவரின் உடல் கிடைக்காவிட்டால், ஆண்டுப் பூசை முடியும்வரை அவர்கள் குடும்பத்தில் மீன் தொடமாட்டார்கள். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்ல யாருக்குத்தான் நாக்கு வரும்? சேதி வந்த அன்றே மனைவி றோஸ்மேரி குளிர்ப்பெட்டியிலிருந்த மீனை எடுத்து வெளியே கொட்டினார். மொன்றியலில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லோரும் மரக்கறிக்கு மாறினார்கள். தேவதாசன் மட்டும் நேரே கடைக்குப் போய் ஒரு விளைமீன் வாங்கிக்கொண்டு வந்தார்.

"என்ர தம்பியை மீன் தொடேல்லை. நான் ஏன் மீனைத் தொடாமல் இருக்கோணும்?"

என் சட்டிகளில் மீன் படக்கூடாது என்று றோஸ்மேரி சொல்லிவிட்டார். அவர் தனக்கென்று ஒரு மண்சட்டி வாங்கினார். அதில் தானே குழம்பு வைப்பார். புளி ஒருநாள் கூடும், மறுநாள் உப்பு. சமைத்து முடிந்ததும் சட்டியைச் சாக்கில் சுற்றிப் பின்பக்கத்துப் பால்கனியில் வைத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். இந்த வீம்பைப் பார்த்து உறவினர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கோபப்பட்டார்கள், கடைசியில் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமைகளில் யோசெப்பின் மனைவி செல்வமலர் பருத்தித்துறைக்குப் போய், கடை ஒன்றிலிருந்து தொலைபேசி எடுப்பாள். பேச்சு எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கும். டிசம்பரில் ஊர்க்கோயிலில் முதலாண்டுப் பூசை; இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள்.

"நானாப் போய் அவரின்ர பேரைக் குடுத்தால், நான்தான் அவரைச் சாகக் குடுத்த மாதிரி இருக்கும் அத்தான். மூத்தவர் நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

"காணாமல் என்ன பூசை, பிள்ளை? கடல் ஒருநாள் குடுக்கும். கண்ணால கண்டாப் பிறகு பாப்பம்."

றோஸ்மேரிக்கு இது பொறுக்காது. "அந்தப் பெட்டை ஒரு வருசமா அந்தரத்தில நிக்கிறாள். புருசன் இருக்கிறவளுமில்லை, இல்லாதவளுமில்லை. உங்கட பிடிவாதத்துக்கு அவளோ கூலி குடுக்கிறது?"

தேவதாசன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார்.

கோடையில் எடுத்த படமொன்று அவர் பிடிவாதத்துக்கு நல்ல தீனி போட்டது. நீரோட்டம் படுகிற பக்கத்தில், பவளங்களுக்கு நடுவே ஒரு பாறைத் திட்டு. அதில் ஒரு கடல்நாய் செத்துக் கிடந்தது. ஒரு காயம் இல்லை. மீசைமயிர்கூட அப்படியே இருந்தது. தேவதாசன் படத்தை நிறுத்தினார். வித்தியாவைக் கூப்பிட்டார்.

"பார் பிள்ளை, முழுசாக் கிடக்குது! அந்தக் குளிருக்குப் பழுதாகாது. ஐஸ் பெட்டிக்குள்ள வைச்ச மாதிரி."

"இது இப்பத்தான் விழுந்திருக்கு அங்கிள்" என்றாள் அவள்.

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும், வேண்டியதுதான் கேட்கும். வாழ்நாளில் பாதியை ஊரில் மீனை ஐஸில் போட்டுக் காப்பாற்றுவதில் கழித்தவர். குளிர் எதையும் கெடவிடாது என்பதில் அவருக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. அன்று மாலை றோஸ்மேரியிடமும் சொன்னார்: ஆழத்தில் சரியான குளிர், போனது போனபடியே கிடக்கும், நீரோட்டம் ஒருநாள் கொண்டுவரும். றோஸ்மேரி அழுதார். மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்துதான் அழுதார்.

நவம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, அதே மலையின் இலையுதிர்காலப் படம் வந்தது. கமெரா அதே பக்கத்தால் ஏறியது. தேவதாசனுக்கு வழி தெரியும். அந்தத் திட்டு வருவதற்கு முன்பே கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

திட்டு நிறைய உயிர். பவளக் கிளைகளில் வாய்கள் எல்லாம் விரிந்திருந்தன. சிலந்திகள் ஒன்றின் மேல் ஒன்றாக நெளிந்தன. விலாங்கு போன்ற மீன் ஒன்று அவசரமில்லாமல் வளைந்து போயிற்று. அத்தனைக்கும் நடுவே வெள்ளையாக விலா எலும்புகள். தோலும் இல்லை, மீசையும் இல்லை. நீந்துவதற்கு உதவும் முன்துடுப்பு இருந்த இடத்தில் சதை போய், உள்ளே ஒளிந்திருந்தது வெளியே வந்திருந்தது: ஒரு கை. ஐந்து விரல்களும் பாறையின் மேல் விரிந்து கிடந்தன.

தேவதாசன் பொத்தானை அமர்த்தவில்லை. படம் நின்றதாகவும் தெரியவில்லை, ஓடியதாகவும் தெரியவில்லை என்று பிறகு றோஸ்மேரியிடம் சொன்னார்.

பின்னால் வந்து நின்ற வித்தியாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "ஐயோ, எவ்வளவு கெதியா முடிச்சிட்டுதுகள்! கரண்ட் படுற பக்கம் எண்டபடியால்தான் அங்கிள். இங்கதான் கூட்டம் கூட."

அவர் திரும்பாமலே கேட்டார். "மற்றப் பக்கம் விழுந்திருந்தால்?"

"அங்கால கொஞ்சம் மெதுவாப் போகும்." அவள் யோசித்தாள். "ஆனால் மிஞ்சாது."

"குளிர்?"

"இதுகளுக்கு அந்தக் குளிர்தானே வீடு."

அவள் தன் மேசைக்குப் போய்விட்டாள். அவள்மேல் ஒரு பிழையும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

மதியம் சாப்பாட்டு அறையில் யாரும் சன்னலோரம் நகர வேண்டியிருக்கவில்லை.

மாலை பஸ்ஸில் வந்து இறங்கியபோது காற்று மூலையில் திரும்பிக்கொண்டிருந்தது. படிகளில் ஏறி உள்ளே போனார். றோஸ்மேரி அடுப்படியில் பருப்பைத் தாளித்துக்கொண்டிருந்தார். தேவதாசன் மதியம் திறக்காத சாப்பாட்டுப் பெட்டியிலிருந்ததைக் குப்பையில் கொட்டினார். உட்கார்ந்து, சேர்ட்டைக்கூட மாற்றாமல், நடந்ததைச் சொன்னார். விரல்களைப் பற்றிச் சொல்லும்போது தன் கையை மேசையில் விரித்துக் காட்டினார். காட்டிய கையை எடுக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"நாளைக்கு மலர் ரெலிபோன் எடுப்பாள். என்ன சொல்லுறது?" என்றார் றோஸ்மேரி, மெதுவாக.

அவர் எழுந்து பால்கனிக்குப் போனார். சாக்கை அவிழ்த்து, மண்சட்டியை உள்ளே கொண்டுவந்தார். றோஸ்மேரி விலகி இடம் விட்டார். தேசிக்காய்த் தோலும் உப்பும் போட்டு, மணம் போகும்வரை அதைத் தேய்த்துக் கழுவினார். துணியால் ஈரம் ஒற்றி, "பூசை முடியுமட்டும் கிடக்கட்டும்" என்று சொல்லி, எட்டி, அலமாரியின் மேல்தட்டில் அதைக் கவிழ்த்து வைத்தார்.