புருஷோத்தமன் காரில் புகுந்த எலி

புருஷோத்தமன் எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் புறங்கையை ஏசி வாயருகே கொண்டுபோவார். கண்ணாடியைத் திருப்புவது, பெல்ட் போடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். அடுத்தவர் வண்டியிலும் அப்படித்தான். பேங்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் சுவரில் இருக்கும் ஏசியைப் பார்த்துக் கையை ஒருமுறை நீட்டிவிட்டுத்தான் சாய்வார். மகள் கவிநிலாவின் கல்யாணத்தில் மேடை ஓரமாக ஒரு பெரிய ஏசி நின்றது. ஆல்பத்தில், பெண்ணின் தகப்பன் படத்துக்கு வெளியே இருக்கும் யாருக்கோ ஆசீர்வாதம் செய்துகொண்டிருப்பார்.

இந்தப் பழக்கம் முசேயிடமிருந்து வந்தது. அப்பா வேலை பார்த்த மில்லை மூடி, அவர் வீட்டோடு உட்கார்ந்த பிறகு புருஷோத்தமன் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு ஊர் திரும்பிய ஒரு சொல்தாவிடம், அதாவது பழைய சிப்பாயிடம், டிரைவர் வேலை கிடைத்தது. தெருவில் எல்லாரும் அவரை, ஐயா என்பதற்குப் பதிலாகப் பிரெஞ்சில், முசே என்றுதான் சொல்வார்கள். முசே முத்தியால்பேட்டையிலேயே பிறந்தவர்தான். ஆனாலும் இந்த ஊர் வெயிலை, தன்னை மட்டும் குறிவைத்து யாரோ செய்த ஏற்பாடாகவே நினைத்தார். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும், "காத்து வருதா?" என்பார். இவர் புறங்கையை வைத்துப் பார்த்து, "வருது முசே" என்பார். பல வருஷம் இருவரும் பேசிக்கொண்டதில் பெரும்பகுதி இதுதான். முசே காலமான பிறகு பிரான்சிலிருந்து வந்த மகன் அந்த வெள்ளைக் காரை இவரிடமே கொடுத்துவிட்டுப் போனான். புருஷோத்தமன் அதற்கு டாக்சி போர்டு வாங்கினார்.

கவிநிலா பிறந்தபோது அவர் முசேயை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போயிருந்தார். மனைவி செல்வி பச்சைக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தாள். கத்திரி வெயில் நேரம். செல்வியின் முழுப்பெயர் செந்தமிழ்ச்செல்வி. பெயரில் இருக்கும் அளவுக்குப் பேச்சில் கிடையாது. ஆட்டோவில் வந்ததை அவள் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, கவிநிலாவின் பிறந்தநாளன்று, டம்ளரில் பாயசம் ஊற்றும்போது, "அன்னிக்கி ஆட்டோல இன்னா வெயிலு" என்பாள். அவ்வளவுதான். அதற்குமேல் அந்தப் பாயசம் அவருக்கு இறங்காது.

அதனால் கவிநிலா முழுகாமல் இருப்பது தெரிந்ததும் புருஷோத்தமன் டாக்சி ஸ்டாண்டில் அறிவித்துவிட்டார்.

"பேரப்புள்ளய என் வண்டியிலதான் ஊட்டுக்குக் கொண்டாருவேன். ஏசி போட்டு."

"போடு, போடு. யாரு வேணான்றது?" என்றார் பக்கத்து வண்டிக்காரர் தெய்வநாயகம்.

பிரசவத்துக்கு நாள் நெருங்கும்போது ஏசி நின்றது.

ஒரேயடியாக நிற்கவில்லை. வண்டியை எடுத்ததும் கொஞ்சம் குளிர்ந்த காற்று வரும். ஜிப்மர் தாண்டுவதற்குள் அது மெலியும். பிறகு விசிறிச் சத்தம் மட்டும் வரும். காற்றை நாலாம் நம்பரில் வைத்தால் நாலாம் நம்பர் சத்தம் வந்தது. புறங்கையில் ஒன்றும் தெரியவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, இறங்கும்போது ஒன்றும் சொல்லாமல் போனார்கள். அது அவருக்குத் திட்டியதைவிட மோசமாக இருந்தது.

"கேஸு போயிருக்கும்" என்றார் தெய்வநாயகம்.

ஸ்டாண்டில் எந்த வண்டி ஏசிக்கும் கேஸ்தான் போகும். தெய்வநாயகத்துக்கு நெஞ்சு வலி வந்தபோதும் அவர் கேஸ் என்றுதான் சொன்னார். பிறகு ஸ்டென்ட் வைத்தார்கள். இருந்தாலும் புருஷோத்தமன் அவர் பேச்சைக் கேட்டு ஒரு கடையில் கேஸ் ஏற்றினார். அன்று முழுக்கக் காத்திருந்து வண்டியை எடுத்தார். குளிர்ந்தது. வீட்டுக்கு வருவதற்குள் நின்றது. மறுபடி போனார். கடைக்காரன் முன்பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினான். வண்டி பளபளவென்று ஆனது. ஏசி அப்படியேதான் இருந்தது. மூன்றாவது முறை போனபோது, "கம்ப்ரசரே மாத்திடலாம்ணே" என்றான். புருஷோத்தமன் வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை செல்வி வழக்கம்போல வண்டிக்குப் பூ வைத்தாள். கார் வந்த நாளிலிருந்து அது அவள் வேலை. பூக்காரியிடம் வாங்கினால் நூலில் கட்டியிருக்கும் என்று உதிரிப் பூ வாங்கி வாழைநாரில் தானே தொடுப்பாள். முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு முழம் பூ, பானெட்டில் சந்தனம், குங்குமம். அந்த வாரம் கொஞ்சம் வேப்பிலையும் சேர்த்து வைத்தாள். ஏசிக்காக வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள். அதன் பிறகு காற்று இன்னும் குறைந்தது.

கவிநிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். மாப்பிள்ளை விமல்ராஜ் காலாப்பட்டிலிருந்து தன் தாயார் ஜெயத்தோடு புதுக்காரில் வந்து இறங்கினான். நல்ல பையன். குரலை உயர்த்த மாட்டான். அவன் மெதுவாகச் சொல்லும் விஷயத்துக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

"மாமா, நாளைக்கி டிஸ்சார்ஜ். நானே கொண்டாந்து உங்க ஊட்ல உட்டுடறேன். உங்க வண்டில ஏசி வேலை செய்யலன்னு கவி சொல்லிச்சி. இந்த வெயில்ல உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

ஆஸ்பத்திரியிலிருந்து முத்தியால்பேட்டைக்கு அலைச்சல் என்று சொல்லும்படி தூரம் கிடையாது. புருஷோத்தமன் செல்வியைப் பார்த்தார். அவள் குழந்தையின் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே மடித்ததைத்தான் மறுபடி மடித்தாள்.

"ஏசி நாளைக்கி ரெடி மாப்ள" என்றார்.

எப்படி என்று அவருக்குத் தெரியாது.

அன்று மத்தியானமே மெக்கானிக் அம்மாவாசையிடம் போனார். முத்தியால்பேட்டைச் சந்து ஒன்றில் போர்டு இல்லாத பட்டறை. வருகிறவர்கள் உட்கார, ஏதோ ஒரு வேனிலிருந்து கழற்றிய சீட்டு வாசலில் கிடக்கும். அம்மாவாசைக்கு எதையும் நம்பிக்கையில்லாமல் பார்க்கும் முகம். உள்ளே ஏறி உட்கார்ந்து, காற்றை ஒன்று, இரண்டு, நாலு என்று வைத்துக் கேட்டான்.

"சத்தம் வருது. காத்து வரல. இதுக்கு எதுக்குண்ணே கேஸப் போட்டீங்க?"

"தெய்வநாயகம் சொன்னான்."

"அவரு அதத்தானே சொல்வாரு."

இடது பக்கம் சாமான் வைக்கும் டப்பாவைக் கழற்றி அதற்குப் பின்னால் கையை விட்டான். பில்டர் எளிதில் வரவில்லை. இழுத்தான். பட்டென்று ஒரு சத்தத்தோடு அது மடியில் வந்து விழுந்தது.

பில்டர் தெரியவில்லை. அதன்மேல் தலையணை கனத்துக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு மெத்தை இருந்தது. மல்லி, சாமந்தி, துளசி, வேப்பிலை, எல்லாம் காய்ந்து ஒன்றோடொன்று அப்பி இருந்தன. காற்று என்ன, தண்ணீர்கூட அதைத் தாண்டிப் போகாது. அம்மாவாசை உள்ளே கையை விட்டு மீதியையும் வாரினான். வாரத் தீரவில்லை. ஒரு மாலை அவன் விரலில் முழுசாக வந்தது. வாழைநாரில் தொடுத்தது.

புருஷோத்தமனுக்கு முடிச்சைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை புதுப் பூ வைக்கும்போது பழைய பூ எங்கே போகிறது என்று இத்தனை வருஷத்தில் அவர் யோசித்ததே இல்லை. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில், துளை துளையாக ஒரு கறுப்பு ஜாலி. அதன் ஓரம் முசே காலத்திலேயே உடைந்து ஓட்டையாக இருந்தது. ஏசி அந்த வழியாகத்தான் காற்றை இழுக்கும்.

"இன்னாண்ணே இது?"

"எலி" என்றார் புருஷோத்தமன்.

அம்மாவாசை மாலையைத் தூக்கிப் பிடித்தான். "எலி பூ கட்டுமா?"

"எங்கேயாவது இழுத்துக்கினு வந்திருக்கும்."

"வேப்பிலையுமா?"

"எலிதான்பா."

அம்மாவாசைக்கும் கல்யாணமாகியிருந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை. புதுப் பில்டர் போட்டு, ஓட்டைக்குக் கம்பி வலை அடித்தான். ஏசியைப் போட்டபோது காற்று முகத்தில் அறைந்தது. கூடவே நாலைந்து சாமந்தி இதழும் பறந்து வந்து புருஷோத்தமன் சட்டையில் ஒட்டின.

வாரிய பூவை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அம்மாவாசை குப்பைத் தொட்டியைக் காட்டினான். சாமிக்கு வைத்த பூ. புருஷோத்தமனுக்கு மனசு வரவில்லை. குருசுக்குப்பம் பக்கம் போகும்போது கடலில் விட்டுவிடலாம் என்று ஒரு துணிப்பையில் போட்டு டிக்கியில் வைத்தார்.

வீட்டிலும் எலி என்றே சொன்னார். சம்பந்தியம்மா வந்திருக்கும் நேரத்தில் செல்வி செய்தது வெளியே தெரிய வேண்டாம் என்று நினைத்தார். ஏசிக்காக வேண்டிக்கொண்டு ஏசியை நிறுத்தியவள் என்று காலாப்பட்டு வரைக்கும் பேச்சு போகும். நாலு பேர் சிரித்தால் அவள் நாலு மாதம் வாசலுக்கு வர மாட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. புருஷோத்தமன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஏசி வாயில் வைத்தார்.

"சூப்பரா வருது மாமா. இன்னா ப்ராப்ளமாம்?"

"ஒண்ணுமில்ல மாப்ள. எலி கூடு கட்டியிருந்துச்சி."

விமல்ராஜ் கையை எடுத்துக்கொண்டான். கைக்குட்டையில் துடைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"எலியா? அப்போ வேணாம் மாமா. எலிக் காய்ச்சல் அது இதுன்றாங்க. அந்தக் காத்து பச்சப்புள்ள மூஞ்சில படக்கூடாது. நம்ம வண்டியிலயே போயிடலாம்."

"க்ளீன் பண்ணியாச்சு மாப்ள."

"இருந்தாலும் மாமா."

எலி இல்லை என்று இப்போது சொன்னால் பிறகு என்ன என்று கேட்பான். அவர் வண்டிக் கதவைத் திறந்தபடியே நின்றார். ஜெயம் குழந்தையோடு படியில் நின்றாள். கவிநிலா அப்பாவையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் எந்த வண்டியிலும் ஏறவில்லை. பின்னால் ஒரு ஆம்புலன்ஸ்காரன் ஹாரன் அடித்தான்.

செல்வி மட்டும் டிக்கி அருகே இருந்தாள். குழந்தையின் மூட்டை முடிச்சை வைக்க அதைத் திறந்திருந்தாள். உள்ளே துணிப்பை இருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தாள். தன் கை முடிச்சை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பையை எடுத்துக்கொண்டு நேராக மாப்பிள்ளையிடம் வந்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவனிடம் அவள் "சாப்பிடுங்க தம்பி" தவிர வேறு பேசியதாக யாருக்கும் நினைவில்லை.

"எலி இல்ல தம்பி" என்றாள். "நான்தான்."

"அத்த?"

"வண்டிக்கு வெச்ச பூவு. காஞ்சதக் கால் படற எடத்துல எப்பிடிப் போடறது? கண்ணாடிக்குக் கீழ ஒரு ஓட்ட இருந்துச்சி. சாமி பூவுக்கு அது நல்ல எடம்னு அதுல சொருவினேன். அது ஏசிக்குப் போற வழின்னு எனக்கு எப்பிடித் தெரியும்? இவுரு எனக்காவ எலின்றாரு." மூச்சு வாங்கியது. "புள்ளைக்கு இதுல ஒண்ணும் வராது. சாமி பூவு."

சொல்லிவிட்டுப் பையை அவனிடம் நீட்டினாள். விமல்ராஜுக்கு அதை வாங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. புருஷோத்தமன் ஆஸ்பத்திரி போர்டைப் படித்தார்.

ஜெயம் படியிலிருந்து இறங்கி வந்து பைக்குள் எட்டிப் பார்த்தாள். யாராவது சிரிப்பார்கள் என்று செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எந்த ஓட்ட சம்மந்தி?" என்று கேட்டாள் ஜெயம்.

செல்வி காட்டினாள்.

ஜெயம் அந்த ஜாலியை உற்றுப் பார்த்தாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "டேய், நம்ம வண்டில ஓட்ட இல்ல. ஆனா அந்த ஜாலியில சந்து சந்தா இருக்குது இல்ல?"

"ஆமா. ஏன்?"

"நானு காஞ்ச பூவக் கிள்ளிக் கிள்ளி அதுல போடறேன்."

விமல்ராஜ் முதல்முறையாகக் குரலை உயர்த்தினான். "அம்மா!"

"கத்தாதடா, புள்ள எழுந்துக்கும். மொதல்ல உன் வண்டியக் கொண்டும் போய் அவுத்துப் பாரு. நாங்க சம்மந்தி வண்டில போறோம்." குழந்தையோடு வெள்ளைக் காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கவிநிலாவும் ஏறினாள். செல்வி முன்னால் உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டு.

புருஷோத்தமன் வண்டியை எடுத்தார். காற்றை இரண்டில் வைத்தார். நன்றாக வந்தது.

"அய்யே, ஏசிய நிறுத்துங்க சம்மந்தி" என்றாள் ஜெயம். "பச்ச ஒடம்பு. சளி புடிச்சிக்கும்."

"ஆமாங்க, நிறுத்துங்க" என்றாள் செல்வி.

நிறுத்தினார். கண்ணாடியை இறக்கப் போனார்.

"எதிர்க்காத்து காதுல பூந்துடும்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

கத்திரி வெயிலில், கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஏசி போடாமல் முத்தியால்பேட்டை வரைக்கும் வந்தார்கள். இறங்கும்போது புருஷோத்தமன் சட்டையைப் பிழியலாம்போல இருந்தது. குழந்தை மட்டும் தொப்பி போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கியது. செல்வி ஆரத்தி கரைக்கப் போனாள்.

குழந்தைக்கு சுடர்விழி என்று பெயர் வைத்தார்கள். இப்போது காலாப்பட்டில் இருக்கிறது, நடக்கிறது. ஊசி போட வேண்டும் என்றால் புருஷோத்தமன் போய் அழைத்து வருகிறார். சுடர்விழியின் முதல் பிறந்தநாளுக்கும் கவிநிலாவின் பிறந்தநாளுக்கும் செல்வி பாயசம் செய்தாள். ஆட்டோவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.