சுருண்ட துணியில் இருபத்து நான்கு முகங்கள்

2024 ஜூலை 21, ஞாயிறு, காலை 6.40. ஆடிக் காற்று. தூறல் இரண்டு முறை வந்து நின்றிருந்தது.

கண்காட்சிக்காக வாடகைக்கு எடுத்திருந்த, முன்பு துணி வெட்டும் கூடமாக இருந்த பழைய கட்டிங் ஹாலைத் திறந்தேன். முந்தின மாலை நான் தொங்கவிட்ட பனியன் துணி இரண்டு பக்கமும் பாய்போலச் சுருண்டிருந்தது. அதில் 144 முகங்கள். நான் கட்டிங் மாஸ்டராக இருந்த பனியன் கம்பெனியை மூடியபோது குப்பைக்குப் போகவிருந்த அடையாள அட்டைகளிலிருந்து எடுத்தவை. ஓய்வுக்குப் பிறகு கணினியில் படம் ஒட்டக் கற்று, ஒவ்வொரு முகத்தின் பின்னாலும் அவரவர் தைத்த துணியின் நிறத்தை வைத்து, பதினொரு மாத வேலையைத் துணியில் அச்சடித்திருந்தேன். எண்ணினேன். 120 தெரிந்தன. மீதி 24 சுருளுக்குள்.

அந்த 24-இல் ஒருத்தி இறந்து பதினேழு வருடமாகிறது. அவளுடைய அக்கா தாராபுரத்திலிருந்து பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். தங்கையின் வேறு படம் எதுவும் அவரிடம் இல்லை.

வெட்டிய பனியன் துணி ஓரத்தில் சுருளும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அச்சுக் கூலி மீட்டர் கணக்கு என்பதால் ஓரம் விடாமல் அச்சடித்தேன். பதினாறு கிளிப் போட்டுப் பார்த்தேன். காற்று ஒன்பதைப் பிடுங்கிப் போட்டது.

காபியோடு வந்த மனைவி அதே கம்பெனியில் பத்தொன்பது வருடம் தைத்தவள். சுருளைப் பார்த்தாள்.

“ஏனுங்க, ஓரம் உடாம வெட்டுனவங்கள எத்தன தடவ வெளிய நிக்க வெச்சிருப்பீங்க? இப்ப நீங்க போயி நில்லுங்க, நான் தெச்சுத் தாரேன்.”

அந்தப் பெண் இருக்கும் பக்கத்தை மட்டும் சரிசெய்தால் போதுமே என்றாள். 144 என்றால் 144 என்றேன். பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணி சுருளாது. அதை நான்கு விரல் அகலத்துக்கு வெட்டினேன். வீட்டு மெஷினில் இரண்டு பக்கமும் இணைத்தாள். 10.50-க்குத் துணி நேராகத் தொங்கியது.

அக்கா 11.20-க்கு வந்தார். இடது ஓரம், மேலிருந்து ஏழாவது. நான் காட்டும் முன்பே கையை அங்கே வைத்துவிட்டார்.

“இவ மொகம் மறந்து போயிருக்குமோன்னு பயந்துக்கிட்டே வந்தேனுங்கண்ணா.”

காகிதத்தில் அச்சடித்து அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம், இந்தத் துணியே வேண்டும் என்றார். அவள் தைத்த துணி மாதிரியே கைக்குப் படுகிறதாம். மனைவி கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள். அந்த முகத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தேன்.

அவர் பஸ் ஏறுவதற்குள் அந்த ஓட்டையின் விளிம்பு சுருள ஆரம்பித்தது. அடுத்த மாதம் முழுத் துணியையும், ஓரம் விட்டு, 144 முகங்களோடு மறுபடி அச்சடித்தேன். முதல் துணியையும் சேர்த்து அச்சுக் கூலி மொத்தம் ரூ. 6,840.