பத்தாவது உருண்டை

தெருவில் எல்லாருக்கும் அவள் நர்ஸம்மாதான். பள்ளிக்கூட நர்ஸ் வேலையை விட்டு ஏழு வருஷமாகியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. இப்போது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

சனிக்கிழமை மதியங்களில் அவள் சமையலறை மூன்று பிள்ளைகளுக்குச் சொந்தம். தங்கையின் மகன்கள் இரண்டு பேர், மாடிவீட்டு வாயாடிப் பெண். பெரியவனுக்கு முட்டை ஆகாது. சின்னவனுக்குப் பால் ஆகாது. வாயாடிக்கு நிலக்கடலை, முந்திரி, பாதாம் எதுவுமே ஆகாது. மூவருக்கும் ஒத்துக்கொள்கிற மாதிரி ஒரு குக்கீயைத் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்திருந்தாள். ஓட்ஸ் மாவு, மசித்த வாழைப்பழம், சர்க்கரை, சூரியகாந்தி எண்ணெய். முட்டைக்குப் பதில், தண்ணீரில் ஊறிக் கொழகொழத்த ஆளிவிதைப் பொடி.

உள்ளே வந்ததும் கை கழுவ வேண்டும், பையைத் திறந்து காட்ட வேண்டும். "உங்க பெரியம்மா ஏர்போர்ட்ல இருக்க வேண்டிய ஆளுடா," என்பாள் தங்கை.

அன்று மூவரும் மேசையின் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோர ஸ்டூல் காலியாக இருந்தது.

"ஏன்டா இப்படி இடிச்சுக்கிறீங்க? ஒருத்தன் அங்க போய் உக்காரு."

"அங்க அவ இருக்கா பெரியம்மா," என்றான் சின்னவன், மாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஏதோ விளையாட்டு என்று விட்டுவிட்டாள். ஆளுக்கு மூன்று உருண்டை, மொத்தம் ஒன்பது. ஓவனில் வைக்கும்போது தட்டில் பத்து இருந்தது. பத்தாவதில் ஒரு கட்டைவிரல் தடம். மூன்று பேர் விரலையும் வைத்துப் பார்த்தாள். எதுவும் அதற்குள் நுழையவில்லை.

அடுத்த வாரமும் பத்து. மூன்றாவது வாரம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வாயாடியிடம் கேட்டாள்.

"அவ எப்படி இருப்பா?"

"ரெட்டை ஜடை, யூனிஃபார்ம். ஆனா ஆன்ட்டி, ஒரு கால்லதான் ஷூ இருக்கு. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா."

நர்ஸம்மா கையிலிருந்த மாவை வைத்துவிட்டு ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், பக்கத்துப் பிள்ளை தந்த முந்திரி பிஸ்கட்டில் பாதியைத் தின்ற ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அவள் அறைக்கு மூச்சிரைக்க வந்தாள். ஊசி மருந்து பூட்டிய அலமாரிக்குள். சாவி அலுவலக அறையில். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஊசி போட்டபோது நேரம் கடந்திருந்தது. ஓடிய வழியில் குழந்தையின் ஷூ ஒன்று கழன்று விழுந்திருந்தது. பெற்றோர் வருவதற்குள் அதைத் தேடி எடுத்து வந்து, அந்தக் காலில் மாட்டி, லேஸும் கட்டிவிட்டாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அந்தச் சிறுமியின் தாயுடைய எண் இன்னும் அவளிடம் இருந்தது. திட்டினால் வாங்கிக்கொள்வோம் என்று போன் செய்தாள். ஒன்று விடாமல் சொன்னாள், ஷூவையும்.

"நான் என்னைக்கு வரட்டும்?" என்றது குரல்.

சனிக்கிழமை அந்தத் தாய் வந்தாள். யாரையும் பார்க்காமல் முதலில் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பி, பின்னால் அச்சிட்டிருந்ததை நின்றபடியே படித்தாள். பிறகு கை கழுவிவிட்டு ஜன்னலோர ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். பிள்ளைகள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கொஞ்சம் ஆடாம இருங்க ஆன்ட்டி," என்றாள் வாயாடி. "அவ உங்க மடியில ஏறுறா."

அந்தத் தாய் முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஓவன் மணி அடிக்கும்வரை அசையவில்லை. வெந்து வந்த பத்தில் ஒன்றைக் கைக்குட்டையில் பொதிந்து எடுத்துக்கொண்டாள். நர்ஸம்மா வாசலில் நின்று பார்த்தாள். ஒரு கையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்தபடி, அவசரமில்லாமல், சின்னச் சின்ன அடியாக வைத்து அவள் தெருமுனையைக் கடந்தாள்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் மேசையைச் சுற்றிப் பரவி உட்கார்ந்தார்கள். தட்டில் ஒன்பதுதான் இருந்தது. போன் அடித்தது. மாவுக் கையோடு நர்ஸம்மா அதை எடுத்தாள்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க," அந்தத் தாய் ரகசியம் போலப் பேசினாள். "ஸ்டூலை இழுக்கற சத்தம் கேட்டுச்சு. இங்க அடுப்படியில காத்துக்கிட்டு இருக்கா போல. ஓட்ஸ் மாவு எத்தனை கப் போடணும்?"

"ரெண்டு," என்றாள் நர்ஸம்மா. "தலை தட்டி ரெண்டு. வாழைப்பழம் நல்லா கனிஞ்சதா எடுத்துக்கங்க."