லிந்துலையில் ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின்

முசிறியிலிருந்து இலங்கை மலையில் இந்த லிந்துலைக்கு வந்து, பங்களாக் குசினியில் சமைத்துக்கொண்டே எத்தனையோ கூத்துப் பார்த்தாயிற்று. ஆனால் ஒரு துரைசானி தேயிலை ஸ்டோரின், அதாவது தொழிற்சாலையின், மேல்மாடிக்கு ஏறி, வாட்டுவதற்குப் பரப்பிய கொழுந்தை முகர்ந்து அழுததை அன்றுதான் பார்த்தேன். எங்கள் தோட்டத் துரையின் மனைவியான இந்தத் துரைசானி இத்தாலிக்காரி. வெரோனா பக்கத்தில் அவருடைய அப்பா ஒயின் செய்கிறவர். அந்த வீட்டு மேல்மாடியிலும் இப்படித்தானாம். கறுப்புத் திராட்சையை நாணல் தட்டிகளில் பரப்பிப் பனிக்காலம் முழுக்க வாடவிட்டு, சுருங்கியதும் மிதித்து, தோலோடு தொட்டியில் ஊறப்போடுவார்கள். சாற்றுக்கு நிறமே கிடையாது, சிவப்பெல்லாம் தோல் கொடுப்பது. சாராயம்போல அடுப்பில் ஏற்றும் வேலையில்லை, தானாகப் பொங்கும். பாதியில் நிறுத்தினால் இனிப்பு, விட்டுவிட்டால் கசப்பு. ஒருமுறை ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். கஷாயமேதான். இதற்கா இத்தனை பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

துரைசானியின் அப்பா இறந்த செய்தி வந்தபோது அவர் செய்த ஒயினில் ஒரே ஒரு போத்தல்தான் மிச்சம். நவம்பரில் அவர்களுக்கு இறந்தவர்களின் நாள் என்று ஒன்று உண்டு. அன்று சாயங்காலம் போத்தலைத் திறந்து, ஒரு கிளாஸ் ஊற்றி, மேசையில் தனியாக வைத்தார். நம் படையல்தான் என்று எனக்குச் சந்தோஷம்.

"கும்புட்டுட்டு எல்லாரும் குடிக்கலாங்களா, தொரசானி?" என்று கேட்டுவிட்டேன்.

"நீ தொடாத! அப்பா வரும்," என்றார்.

காலையில் கிளாஸ் நிறைந்தது நிறைந்தபடி இருந்தது. துரைசானி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்பா அவர் வீடு போயிருக்கும். இங்க வழி தெரியாது."

அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. முசிறிக்கே திரும்பி வந்துவிடுவதென்று நானும் என் மனைவி அஞ்சலையும் பெட்டி கட்டிவைத்திருந்த மாதம் அது. எங்கள் மகன் இந்த லயத்து வரிசை வீட்டில் பிறந்து, மூன்று வயதில் காய்ச்சலில் போனவன். தேயிலைச் சரிவில்தான் புதைத்தோம். துரைசானி சொன்னதை அஞ்சலையிடம் சொன்னேன். அவள் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தாள்.

"நாம போயிட்டா, புள்ள வந்து கதவத் தட்டுமேங்க. வேற யாரோல்ல தொறப்பாங்க?"

"அங்க எங்கம்மா வருமே, அஞ்சல," என்றேன். அம்மா முசிறியில் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் முகம் பார்க்கவில்லை.

"அவங்க நாலு பேர வழி கேட்டு வருவாங்க. இவன் யாரக் கேப்பான்?"

துரைசானி தன் ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார். ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்களே, நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். தீபாவளிக்கு முதல் நாள் லயத்தில் இறந்தவர்களுக்கு இரண்டு இலை போட்டுப் படைக்கிறோம். மகன் வந்திருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அம்மாவுக்காகத்தான் கதவைச் சாத்தாமல், மழைச்சாரல் உள்ளே அடிக்க அடிக்க, உட்கார்ந்திருக்கிறேன்.