வாசல் ஒன்று, அறை வேறு

காரைக்குடிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்குப் பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக் காட்டுவது என் தொழில். அவர்களுக்கு மதியச் சாப்பாடு சமைப்பவள் என் மனைவி வள்ளி. அவள் சேர்த்த பணத்தில்தான் நான் கிரிப்டோ டோக்கன் என்னும் டிஜிட்டல் நாணயம் வாங்கி வைத்திருந்தேன்.

அன்று காலை அதை, வாங்கிய எக்ஸ்சேஞ்ச் தளத்திலிருந்து என் செல்போனில் உள்ள வாலெட் என்ற பணப்பைச் செயலிக்கு மாற்றினேன். கட்டணம் குறைவு என்று வேறொரு பிளாக்செயின் நெட்வொர்க்கில் அனுப்பிவிட்டேன். எக்ஸ்சேஞ்ச் அனுப்பியாயிற்று என்றது, வாலெட்டில் பூஜ்யம். ஒரு நெட்வொர்க்கில் இருப்பது இன்னொன்றில் தெரியாது என்று படித்தபோது, பணம் போயே போயிற்று என்று நினைத்தேன்.

"ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கீக?" என்றாள் வள்ளி.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் பயணிகளோடு கிளம்பினேன்.

அறைகள் வரிசையாக இருக்கும் வளவில் நின்று வழக்கம்போல ஆரம்பித்தேன். "வீட்டுக்கு வாசல் ஒண்ணுதான். ஆனா கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை, தனிப் பூட்டு. ஒரு அறையில வச்சத அடுத்த அறையில தேடினா..."

காலையிலிருந்து நான் செய்துகொண்டிருந்ததும் அதைத்தானே?

வாலெட்டைத் திறந்து, அனுப்பிய நெட்வொர்க்கை அதில் சேர்த்தேன். இரண்டு நெட்வொர்க்கிலும் என் வாலெட் முகவரி ஒன்றேதான். டோக்கன்கள் அத்தனையும் அங்கே இருந்தன. நான் சிரித்த சிரிப்பில் காரணம் தெரியாமலே பயணிகளும் சிரித்தார்கள்.

பந்தியில் வள்ளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இனி அந்த அறைச் சாவி எங்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லி, என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.

வருடக்கணக்காக ஊராருக்குச் சொல்லிவந்ததை அன்றுதான் நான் காதுகொடுத்துக் கேட்டேன்.